அப்பாயிக்குக் கேட்ட சத்தம்

அன்புள்ள செல்வி,

எப்படி இருக்க? உன் மெசேஜுக்கு பதில் போடாம இருந்துட்டேன், கோவிச்சுக்காத, அத்தைக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் வாக்கர் வச்சு நடக்குறாங்க, நானும் இப்பதான் கொஞ்சம் உக்காருறேன்.

போன வாரம் விடியக்காலைல பால் பாக்கெட் எடுக்க கதவத் தொறந்தா மாடிப்படிக்குக் கீழ ஒரு ஆறுமணிக்குருவி! பச்சை முதுகு, றெக்கைல பளீர்னு நீலம், கண்ணுல மை இழுத்துவிட்ட மாதிரி கருப்புப் பட்டை, வாலுக்கு அடில செக்கச்செவேல்னு, கிட்டப் போனா கூட நகரல. எதுத்த அபார்ட்மெண்ட் மொட்டை மாடில ராத்திரி பூரா ஃபோகஸ் லைட் எரியும், அதுல கொழம்பி செவுத்துல மோதியிருக்கும்னு நினைக்கிறேன். வாட்ச்மேன் அண்ணன் பாவம்னு வாய்ல தண்ணி ஊத்த வந்தாரு, ஊத்தவே கூடாதுண்ணே மூச்சுக்குழாய்ல போயிடும்னு சொல்லி, அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு துணி விரிச்சு இருட்டு ரூம்ல வச்சேன். சாயங்காலம் காலி மனைல தொறந்து விட்டதும் தத்தித் தத்தி புதருக்குள்ள போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள இருந்து அந்த ரெண்டு சுருதி விசில், எனக்கு கண்ணு கலங்கிடுச்சுடி.

50, 60 கிராம் தான் இருக்கும் அது. இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியா காடுங்கள்லயும் குஞ்சு பொரிச்சுட்டு தெக்க கெளம்பி, சிலது இலங்கை வரைக்கும் போகும். அதுவும் ராத்திரில. இருட்டுல காத்து குளுந்து அலைக்கழிக்காம இருக்கும், வல்லூறு தொல்லை கம்மி, பகல்ல எறங்கி இரை தேடிக்கலாம். வழி பாக்க நட்சத்திரமும் பூமியோட காந்தமும் போதும் அதுங்களுக்கு, நாம போடுற லைட்டுதான் கெடுக்குது.

அதுல இருந்து ராத்திரில மேல பறந்து போற பறவைங்க சத்தம் கேக்குதான்னு பாக்க, தெனமும் பத்து மணிக்கு மேல பாய எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிடுறேன். மொத ரெண்டு நாள் ஆள்காட்டிக் குருவியும் வக்காங்கிற ராக்கொக்கும் தான், வக்கா 'குவாக்'னு ஒத்தையா கத்திட்டுப் போகும், ரெண்டும் இங்க பள்ளிக்கரணை சதுப்புல எப்பவும் இருக்கிறதுங்க. மூணாம் நாள் மழை விட்டு வானம் தெளிஞ்சு வாடை அடிச்சுது, வடக்க இருந்து வர்றதுங்களுக்கு அது முதுகைத் தள்ளிவிடுற காத்து இல்லையா, பதினோரு மணிக்கு தலைக்கு மேல 'ட்யூ ட்யூ ட்யூ'ன்னு மூணு விசில். பச்சைக்காலி உள்ளான், வடக்க இருந்து வர்ற நீர்ப்பறவை! ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல, சத்தம் மட்டும் தெக்கப் பாத்து நகருது. இருட்டுல ஒண்ணை ஒண்ணு விட்டுடாம இருக்கத்தான் அப்படிக் குரல் குடுத்துக்கிட்டே போகும்னு சொல்றாங்க.

அப்ப எனக்கு உங்க அப்பாயி ஞாபகம் வந்துச்சுடி. வேதாரண்யத்துல உங்க வீட்டுத் திண்ணைல படுத்திருக்கும்போது, ஐப்பசி பொறந்துட்டா ராத்திரி வானத்துல யாரோ பேசிக்கிட்டு போறாங்கன்னு சொல்லுவாங்களே, நாம போர்வைக்குள்ள சிரிப்போம். கோடியக்கரை அங்க இருந்து எவ்வளவு தூரம் சொல்லு? உப்பளத்துக்கும் சதுப்புக்கும் பூநாரை, உள்ளான், கோட்டான் (ஆந்தை இல்ல, வளைஞ்ச மூக்கு நீர்ப்பறவை)னு கூட்டம் கூட்டமா வர்ற எடம், பூநாரை ராத்திரில பறக்கிறப்ப வாத்து மாதிரி கத்திக்கிட்டே தான் போகும். அவங்களுக்கு நெஜமாவே கேட்டிருக்கு. நாமதான் கேக்கல, இப்ப சொல்லலாம்னா அவங்க இல்ல.

உன் வீட்டு மாடி லைட்ட பங்குனி வரைக்கும் அணைச்சு வை, பக்கத்து வீட்லயும் சொல்லு. மழை விட்ட ராத்திரியா பாத்து ஃபோன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி திண்ணைல வச்சிடு, ஒரு மணி நேரம் ஓடட்டும், அப்படியே அனுப்பு, நான் கேட்டு சொல்றேன். கார்த்திகை ரெண்டாவது வாரம் அத்தைய நாத்தனார் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்கா, கம்பன் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கெடைச்சா வந்துடுவேன். திண்ணைலதான் படுக்கணும், சொல்லிட்டேன்.

உன்
வசந்தி