தளத்திருட்டுக்குக் கிடைத்த மறுவாழ்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 2023இல் வந்த விதிமாற்றங்களைப் பற்றிப் பேசுவோர் பலரும், பந்துவீச்சுக் கடிகாரம் (குறித்த வினாடிகளுக்குள் பந்தை வீச வைப்பது) ஆட்டநேரத்தைச் சுமார் 24 நிமிடம் குறைத்ததோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, தளத்தில் (ஓட்டக்காரர் வரிசையாகத் தொட்டுச் செல்லும் மூலைகளில் ஒன்றில்) நிற்பவரை மடக்கப் பந்துவீச்சாளர் அத்தளத்துக்கு எறியும் எறிகளுக்கு விதித்த வரம்புதான். பந்து அடிக்கப்படாமலே ஓட்டக்காரர் அடுத்த தளத்துக்கு ஓடிப் பிடிக்கும் தளத்திருட்டுக்கு அதுவே உயிர்கொடுத்தது. இரண்டு முறை எறிந்தும் ஆளை ஆட்டமிழக்கச் செய்ய முடியாமல் போனால், ஓட்டக்காரர் அடுத்த தளத்தை நோக்கி இன்னும் ஓரடி துணிந்து தள்ளி நிற்கிறார். மூன்றாவது எறியும் பொய்த்தால் அடுத்த தளம் அவருக்கு இலவசம் என்பது இருவருக்குமே தெரியும். இதற்குத் துணையாகத் தளங்களின் அகலமும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. 2022இல் 2,486 ஆக இருந்த தளத்திருட்டு, மறு ஆண்டே 3,503 ஆக உயர்ந்தது. ஓடவே தயங்கிய அணிகளை மீண்டும் ஓடவைத்த இவ்வரம்பை எக்காரணம் கொண்டும் தளர்த்தக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்