புற்றுநோய்ச் சிகிச்சையும் இரண்டாவது ஆலோசனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் புற்றுநோய் என்று அறிந்த குடும்பங்கள் பல, இன்னொரு நிபுணரிடம் கேட்பது முதல் வைத்தியரை அவமதிப்பதாகும் என்றெண்ணித் தயங்குகின்றன. என் மூத்த சகோதரிக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டபோது நாங்களும் தயங்கினோம். அவருடைய வைத்தியரோ சிறிதும் மனம் கோணாமல் கடிதம் எழுதித் தந்தார்.

புற்றுநோய் வைத்தியசாலைகளை நாடிக் கொழும்பை அடுத்த மஹரகமவுக்கோ யாழ்ப்பாணத்தின் தெல்லிப்பழைக்கோ செல்வோர் அறிக்கைகளை மட்டும் கொண்டுசெல்வது போதாது. பரிசோதனைக்கு எடுத்த திசுவைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியையும் அதன் சீவல்கள் உள்ள கண்ணாடித் தகடுகளையும், ஸ்கான் படங்கள் அடங்கிய இறுவட்டையும் கேட்டுப் பெற்றுச் சென்றால்தான், இரண்டாவது நிபுணர் பிறருடைய முடிவை வாசிப்பதோடு நில்லாமல் திசுவை மீண்டும் ஆராயச் செய்ய இயலும்; திசுவில் சோதிக்கப்படும் ஹோர்மோன் ஏற்பி, ஹெர்-2 ஆகிய புரதங்களின் முடிவுகளைப் பொறுத்து மார்பகப் புற்றுநோய்க்கான மருந்தே மாறக்கூடும். (இது தெரியாமல் நாங்கள் இரண்டாம் முறையும் கொழும்புக்கு இரவு ரயில் ஏற நேர்ந்தது.) பெரும்பாலான கட்டிகளுக்கு ஓரிரு வாரத் தாமதம் பாதகமில்லையெனினும், கடும் இரத்தப் புற்றுநோய்க்கு அது பொருந்தாது என்பதால், எவ்வளவு காலம் பொறுக்கலாம் என்பதை முதல் வைத்தியரிடமே கேட்க வேண்டும்.

இவ்விபரங்களைத் தமிழில் அச்சிட்டு, நோய் உறுதியாகும் நாளிலேயே நோயாளரிடம் கையளிக்குமாறு மாகாண சுகாதாரத் திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.