சூசொக் ‘கொரியப் பொங்கல்’ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரியத் திருநாள்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொடர் நாடகங்களைத் தாண்டி அந்த மக்களின் பண்டிகைகளுக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருப்பது மகிழ்ச்சி. ஆனால் அதில் முக்கியமாக நான்கு பிழைகள் இருக்கின்றன. முன்னோருக்குப் படைக்கும் முழுநிலவுத் திருநாளான சூசொக்கை ‘கொரியப் பொங்கல்’ என்றது ஒன்று. ‘செப்டம்பரில் வரும்’ என்று தேதியை நிறுத்தியது இரண்டாவது. அன்று பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் சொங்பியன் என்ற பண்டத்தின் செய்முறையில் வறுத்த அரிசி மாவைப் போடச் சொன்னது மூன்றாவது. ‘தானோ’ என்ற கோடைத் தொடக்கத் திருநாளில் பெண்கள் ஐரிஸ் மலர் ஊறிய நீரில் தலைகுளிப்பதாக எழுதியது நான்காவது. இவற்றைப் படித்துவிட்டு யாராவது செய்துபார்த்தால் பண்டம் கெட்டுப்போகும், நாளும் தப்பிப்போகும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. அது புரிந்தால் பாதிச் சடங்குகள் தாமாகவே விளங்கிவிடும். பொங்கல் சூரியன் மகரத்தில் நுழையும் நாள், அதனால் ஜனவரி நடுவைவிட்டு நகராது. சூசொக் எட்டாம் சந்திர மாதத்தின் பதினைந்தாம் நாள், முழுநிலவு நாள். கொரியக் கணக்கில் அமாவாசை நாளே மாதத்தின் முதல் தேதி. மாதத்துக்கு 29 அல்லது 30 நாள் என்பதால் ஆண்டுக்குப் பதினொரு நாள் போல் குறைந்துகொண்டே வரும். அதைச் சரிக்கட்ட 19 ஆண்டுகளுக்கு 7 முறை ஒரு மாதத்தை இரட்டிப்பார்கள். 2025இல் ஆறாம் மாதம் இரட்டித்தது, ஆகவே சூசொக் அக்டோபர் 6க்குத் தள்ளிப்போனது. 2014இல் அதே திருநாள் செப்டம்பர் 8லேயே வந்துவிட்டது. 2026இல் செப்டம்பர் 25. ஏறக்குறைய ஒரு மாத ஊசலாட்டம் உள்ள திருநாளுக்கு ‘செப்டம்பர்’ என்று எழுதுவது போதாது.

இந்த ஊசலாட்டம் அடுப்படி வரைக்கும் வருகிறது. சூசொக் முந்தி வந்த ஆண்டில் வயலில் நெல் பச்சையாகவே நிற்கும். அதனால்தான் முந்தி விளையும் குறுகிய கால நெல்லைத் தனியாக ஒரு பாத்தியில் வைத்து, அந்தப் புது அரிசியில் சொங்பியன் பிடித்து முன்னோர்க்குப் படைக்கும் வழக்கம் வந்தது. பெரிய அறுவடை பெரும்பாலும் அதற்குப் பின்புதான். விளைச்சலின் முதல் பிடியை முன்னோருக்குக் கொடுக்கும் நாள் அது. களம் தூற்றி முடித்த நாள் அல்ல. இதன் தொடக்கத்தைச் சொல்லும் பழைய பதிவு ‘சம்குக் சாகி’ என்ற 12ஆம் நூற்றாண்டு வரலாற்று நூலில் இருக்கிறது. சில்லா நாட்டு மன்னர் யூரி காலத்தில், தலைநகரப் பெண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, ஏழாம் மாதம் 16ஆம் நாளிலிருந்து எட்டாம் மாதம் 15 வரை நூல் நூற்று நெய்தார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஓர் இளவரசி தலைவி. தோற்ற அணி சாப்பாடும் மதுவும் கொடுக்க வேண்டும். ஆக, அந்தப் பதிவில் வருவது தறியும் நூலும். நெல் இல்லை.

சொங்பியனுக்கு வருகிறேன். பார்வைக்கு நம் பூரணக் கொழுக்கட்டையின் தம்பி. ஆனால் மாவு வேறு. கொழுக்கட்டைக்கு நம்மில் பலர் மாவை வறுத்தோ உலர்த்தியோ வைத்துக்கொள்கிறோம். சொங்பியனுக்கு வேண்டியது ஈரமாவு, அதிரசத்துக்கு இடிப்பது போல. குட்டை மணி ரக, பசையில்லாத பச்சரிசி ஒரு கிலோவை ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஊறவைத்து, அரை மணி நேரம் நீர் வடியவிட வேண்டும். 10 முதல் 12 கிராம் உப்பு சேர்த்து ஈரத்தோடே அரைத்துச் சலிக்க வேண்டும். இட்லி அரிசியும் பொன்னியும் இதற்கு ஒத்துவராது. அவற்றின் மாவுச்சத்தில் அமிலோஸ் கூடுதல், ஆறியவுடன் விறைத்துப்போகும். குட்டை அரிசியில் அது குறைவு, மறுநாள் காலை வரை மெதுமெதுப்பு நிற்கும். சென்னையில் கொரிய மளிகைக் கடைகளில் அந்த அரிசி கிடைக்கிறது.

500 கிராம் ஈரமாவுக்குக் கொதிநீர் 150 மில்லி போலப் போதும். ஒரேயடியாக ஊற்றாமல் கரண்டி கரண்டியாக விட வேண்டும். நீர் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அரிசியில் கோதுமை போல இழுவை கொடுக்கும் பசைப் புரதம் கிடையாது. கொதிநீர் பட்ட இடத்து மாவுச்சத்து கொஞ்சம் வெந்து பசையாகி, மீதி மாவைப் பிடித்துக்கொள்கிறது. ஆறின தண்ணீரில் பிசைந்தால் விளிம்பு மூடாது, வேகும்போது வெடிக்கும். வறுத்த உலர்மாவுக்கு இதே அளவு நீர் பாதிக்குக்கூடக் காணாது. தங்கள் செய்முறை அங்கேதான் சறுக்கியிருக்கிறது. பத்து நிமிடமாவது விடாமல் பிசைந்து, காதுமடலைத் தொட்டால் இருக்கும் மென்மை வந்ததும், ஈரத்துணி போர்த்தி அரை மணி நேரம் விட்டுவிடலாம்.

பூரணத்துக்கு எள் என்றால் வறுத்து அரைகுறையாக இடிக்க வேண்டும். நைசாக்கினால் எண்ணெய் விட்டுவிடும். 100 கிராம் எள்ளுக்கு 40 முதல் 50 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. பச்சை சோயா, பச்சைப்பயறு, கஷ்கொட்டை எல்லாம் வைப்பதுண்டு. 20 முதல் 25 கிராம் மாவை உருட்டிக் குழித்து, ஒரு தேக்கரண்டி பூரணம் வைத்து மூடியபின், உள்ளங்கையில் வைத்து முஷ்டியால் இரண்டு மூன்று முறை இறுக்க வேண்டும். உள்ளே காற்று தங்கினால் ஆவியில் விரிந்து விளிம்பைப் பிளக்கும், உருகிய சர்க்கரை வழிந்து கீழே ஒட்டும். இறுக்கிய பிறகே அரைநிலா வடிவம். இது பொது வடிவம்தான். காங்வொன் மலைப்பகுதியில் உருளைக்கிழங்கு மாவில் விரல் தடம் பதியப் பிடிப்பார்கள், ஜேஜு தீவில் தட்டையான வட்டமாகச் செய்வார்கள்.

‘சொங்’ என்றாலே பைன் மரம். பாத்திரத்தில் பைன் ஊசியிலைகளைப் பரப்பி, அதன்மேல் ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி, நீர் தளதளவெனக் கொதித்த பிறகு வைத்து 20 முதல் 25 நிமிடம் வேகவைப்பார்கள். இலை ஒட்டாமல் காக்கிறது, மணம் தருகிறது, பண்டம் சீக்கிரம் ஊசிப்போகாமலும் பார்த்துக்கொள்கிறது. எடுத்ததும் குளிர்ந்த நீரில் ஒரு முக்கு, பிறகு எள்ளெண்ணெய்த் தடவல். கையில் எடுத்துப் பார்த்தால் தோலில் ஊசியிலைத் தடம் மெல்லிய கோடுகளாகப் பதிந்திருக்கும். தட்டில் துணி விரித்து வேகவைத்ததில் அந்தக் கோடு இருக்காது. ஒரு எச்சரிக்கை: கண்ட இடத்துப் பைன் இலையைப் பறிக்கக் கூடாது. 1988இல் பூசானில் தலைகாட்டிய பைன் வாடல் நோயைத் தடுக்கக் கொரியாவில் மரத்தண்டில் மருந்து ஊசி போடுகிறார்கள். அந்த மரத்து இலை சமையலுக்கு ஆகாது. மீந்த சொங்பியனைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் கல்லாகிவிடும், அரிசிமாவு விறைப்பதற்கு உகந்த குளிர் அதுதான். ஆறியதும் உறைநிலைப் பகுதியில் போட்டு, வேண்டும்போது மறுபடி ஆவியில் காட்ட வேண்டும்.

படையலைப் பற்றி ஒரு வரி. ‘சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளை மேற்கே’ என்ற வரிசையைத் தங்கள் கட்டுரை தொன்மையான விதியாகச் சொல்கிறது. கொரியக் கன்பூசியப் பீடமான சங்க்யுன்குவான் 2022இல் அப்படி ஒரு விதி பழைய சடங்கு நூல்களில் இல்லை என்று அறிவித்தது. எண்ணெயில் பொரித்த பண்டங்களும் கட்டாயமல்ல என்றது. சொங்பியன், கீரைக் கறி, சுட்ட இறைச்சி, கிம்ச்சி, பழம், மது என ஆறு இருந்தால் படையல் நிறைவு என்று சொல்லிவிட்டார்கள். விடிய விடிய அடுப்படியில் நிற்கும் மருமகள்களுக்கு இந்தச் செய்தி சேர வேண்டும் என்பது என் ஆசை.

சூசொக்குக்கு முன்னால் கல்லறைப் புல் வெட்டும் ‘பொல்சோ’வுக்கும் நாள் கணக்கு உண்டு. ஆகஸ்ட் 23ஐ ஒட்டி வரும் ‘சொசொ’ பருவம் கழிந்தால் புல் வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு முன் வெட்டினால் திருநாளுக்குள் திரும்ப முளைக்கும். மண்ணுக்குள் கூடு கட்டும் பெருங்குளவி உச்சத்தில் இருக்கும் காலமும் அதுவே. கறுப்புச் சட்டை போட்டவர்களை அவை அதிகமாகத் தாக்கும், வெளிர்நிறமே நல்லது.

அடுத்தது அந்த ஐரிஸ். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளான தானோவில் தலைகுளிக்கும் செடி ‘சாங்போ’. ஆங்கிலத்தில் யாரோ ஐரிஸ் என்று எழுதிவைத்தது அப்படியே சுற்றுகிறது. ஐரிஸுக்குக் கொரியாவில் ‘கொட்சாங்போ’ என்று பெயர், ஊதாப் பூ பூக்கும் வேறு குடும்பத்துச் செடி. சாங்போ என்பது அக்கோரஸ் கலாமஸ். அதாவது நம் வசம்பு! பிள்ளை வளர்ப்பான் என்று வீட்டில் வைத்திருக்கும் அதே இனம். பூவென்று சொல்லும்படி எதுவும் இருக்காது, விரல் நீளக் கதிர்தான். அதன் இலையையும் வேர்த்தண்டையும் கொதிக்கவைத்து ஆறவிட்ட நீரில் தலை அலசுவார்கள். வேரைச் சீவிச் சிவப்பு பூசிக் கொண்டையில் செருகுவதும் உண்டு. வெயிலும் நோயும் ஏறும் பருவத்தின் வாசலில் இது காப்பு. இந்த ஒரு செடியின் பெயரைச் சரியாகப் போட்டிருந்தால் எத்தனை தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்! 2005இல் யுனெஸ்கோ அறிவித்த காங்னுங் தானோ விழாவும் ஐந்தாம் தேதியோடு அடங்குவதல்ல. ஒரு மாதம் முன்பே, நான்காம் மாதம் 5ஆம் நாள், தெய்வத்துக்கான மதுவை ஊறப்போடுவதிலேயே அது தொடங்கிவிடுகிறது.

கொரியப் புத்தாண்டான ‘சொல்லல்’ திருநாளைக் கட்டுரை ‘சீனப் புத்தாண்டு’ என்கிறது. நாள் பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் எப்போதும் அல்ல. கொரிய நேரம் சீனத்தைவிட ஒரு மணி முன்னால். 1997இல் அமாவாசை சீனாவில் பிப்ரவரி 7 இரவு பதினொரு மணிக்கு மேல் விழுந்தது. அதே நொடியில் கொரியாவில் நள்ளிரவு கடந்துவிட்டதால் அங்கே சொல்லல் 8ஆம் தேதி. பெயருக்கும் ஒரு வலி இருக்கிறது. 1896 முதல் ஆங்கில நாள்காட்டி வந்து, ஜப்பானிய ஆட்சியில் இது ‘பழைய புத்தாண்டு’ என்று ஒதுக்கப்பட்டது. 1985இல் ‘மக்கள் மரபு நாள்’ என்ற பெயரில் ஒரு நாள் விடுமுறை கிடைத்தது. 1989இல்தான் சொந்தப் பெயரும் மூன்று நாள் விடுமுறையும் திரும்பின. அப்படி மீட்ட நாளை வேறொரு நாட்டின் பெயரால் அழைப்பது சரியல்ல.

முதல் சந்திர மாதப் பௌர்ணமியான ‘தேபொரும்’ திருநாள் கட்டுரையில் இடம்பெறவே இல்லை. அன்றைய ஐந்தானியச் சோற்றில் சேர்பவை: பசையரிசி, சோளம், தினை அல்லது பனிவரகு, கறுப்பு சோயா, சிவப்பு அட்சுகி பயறு. பயற்றின் முதல் கொதிநீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் நீரில் தோல் வெடிக்காமல் வேகவைத்து, அந்தச் சிவப்பு நீரையே சோற்றுக்கு ஊற்ற வேண்டும். சோளத்தைத் தேய்த்துக் கழுவி நீர் மாற்றி மாற்றி ஊறவைக்காவிட்டால் துவர்க்கும். தினையை முதலிலேயே போட்டால் குழைந்துபோகும், கொதி வந்தபின் மேலாகத் தூவ வேண்டும். பசையரிசிக்கு நீர் குறைவாகவே பிடிக்கும் என்பதை மறந்தால் களியாகிவிடும்.

கடைசியாக, குளிர்காலச் சூரியத் திருப்பமான தோங்ஜி. ‘அன்று எல்லோரும் சிவப்புப் பயற்றுக் கஞ்சி குடிப்பார்கள்’ என்பது முழு உண்மையல்ல. நாள் சூரியக் கணக்கு என்றாலும், அது பதினோராம் சந்திர மாதத்தின் எந்தத் தேதியில் விழுகிறது என்று பார்ப்பார்கள். முதல் பத்து நாளில் விழுந்தால் அது ‘ஏதோங்ஜி’, பிள்ளைத் தோங்ஜி. குழந்தைகளுக்கு ஆகாது என்று அந்த ஆண்டு கஞ்சியை விட்டுவிட்டு, அதே பயற்றைத் தூவி ஆவியில் வேகவைத்த அரிசி அடை செய்வார்கள். 2025 டிசம்பர் 22 பதினோராம் மாதம் 3ஆம் நாள், ஆகவே அடை. 2026 டிசம்பர் 22 அதே மாதம் 14ஆம் நாள், ஆகவே கஞ்சி. அடுத்த முறை தோங்ஜிக்குக் கஞ்சிச் செய்முறை வெளியிடும்போது இந்தத் தேதியைப் பார்த்துவிட்டு வெளியிட வேண்டுகிறேன். சொங்பியன் மாவையும் சாங்போவின் பெயரையும் மட்டுமாவது உடனே ஒரு சிறு திருத்தமாகப் போட்டால் நன்றி.

இப்படிக்கு,
கொரிய மொழி கற்பிக்கும் வாசகர்,
சென்னை.