ஓட்டுக் கேட்டு வரும் ஆளுநர்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க ஆளுநர் தேர்தல் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். ஆளுநர் என்றதும் நமக்குக் கிண்டி ஆளுநர் மாளிகைதான் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் மாநில ஆளுநர் என்றால் ஏறக்குறைய நம் முதல்வர் மாதிரி. தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

2018 கோடையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மகன் வீட்டில் இருந்தேன். ஒரு சாயங்காலம், வியர்வையில் நனைந்த சட்டையோடு ஒரு கல்லூரிப் பெண் கதவைத் தட்டினாள். ஆளுநர் வேட்பாளராக ஜனநாயகக் கட்சிக்குள் போட்டியிட்ட அப்துல் எல்-சயீதுக்காக ஓட்டுக் கேட்டு வந்திருந்தாள். எனக்கு இங்கே ஓட்டு இல்லையம்மா என்றேன். சரி, குடிக்கத் தண்ணீராவது கிடைக்குமா என்று சிரித்தாள். குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்ததும் பேச்சு அதே மாநிலத்தின் பிளின்ட் நகரத்துக்குப் போய்விட்டது. 2014-ல் செலவை மிச்சம் பிடிக்க ஆற்றுநீருக்கு மாறி, குழாய்களின் ஈயம் குடிநீரில் கலந்த ஊர். அப்போது அந்த நகரத்தை நடத்தியது ஆளுநர் நியமித்த அதிகாரி. டெட்ராய்ட் நகரச் சுகாதாரத் துறையை நடத்திய எல்-சயீதின் பேச்சு அங்கே எடுபட்டதில் ஆச்சரியமில்லை. எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்றார். கம்பெனிகளின் நன்கொடை வேண்டாம் என்றார். 2016-ல் அதிபர் வேட்பாளராகக் கட்சிக்குள் போட்டியிட்ட செனட்டர் பெர்னி சாண்டர்ஸே வந்து பிரசாரம் செய்தார்.

கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் ஆகஸ்ட் 7 உட்கட்சித் தேர்தலில், எதிர்த்து நின்ற கிரெட்சன் விட்மருக்கு 52 சதவீதம், எல்-சயீதுக்கு 30. மூன்றாவதாக வந்தவர் சொந்தக் காசைக் கொட்டிய ஸ்ரீ தானேதார், பெல்காமில் வளர்ந்தவர்!

அடுத்த முறை செய்தி போடும்போது 'மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆளுநர்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்கள் தெரு டீக்கடையில் பாதிப் பேர், ஜனாதிபதிதானே நியமிப்பார் என்று கேட்கிறார்கள்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்