எட்டு வீதம் முதலாளியின் காசு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தனியார் துறையில் குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரி தொடக்கம் மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா என்று சட்டம் வந்ததைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. சரி, நல்ல விசயம். ஆனால் எங்கள் ஊர்க் கடைகளில் அந்தச் சம்பளத்தை எப்படிக் கொடுக்கிறார்கள், எதை எதைக் கழிக்கிறார்கள், கழித்ததை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்று யாரும் எழுதக் காணவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் தங்கச்சியின் மகள், எனக்கும் மகள்தான், மட்டக்களப்பு டவுனில் ஒரு புடவைக் கடையில் மூன்று வருடம் வேலை செய்தாள். காலையில் எட்டு மணிக்கெல்லாம் கல்லடிப் பாலத்தால் சைக்கிளில் போனால் இரவு எட்டுக்குத்தான் வீடு, தீபாவளி, வருசம், பெருநாள் காலமென்றால் பத்தும் ஆகும். சம்பள நாளில் எல்லாப் பிள்ளைகளும் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு வவுச்சர் புத்தகம் இருக்கும், அதில் பெயர் எழுதியிருக்கும், தொகை எழுதுகிற இடம் வெறுமையாகக் கிடக்கும். "இதில ஒரு சைன் வைங்க மகள்" என்பார் முதலாளி, வைப்பாள். அப்புறம் ஒரு மண்ணிறக் கடித உறை. அதன் மூடியில் பென்சிலால் கணக்குப் போட்டிருக்கும்: சம்பளம் இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு, பிந்தி வந்தது இவ்வளவு, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி, ஓய்வுக்காலச் சேமிப்பு) இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. பேனையால் எழுதியது ஒரு எழுத்தும் கிடையாது. அந்த உறைகளை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், விரல் தேய்த்தாலே அழிகிற பென்சில்.

அந்தப் 'பிந்தி வந்தது' என்ற வரியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. காலையில் கால்மணி நேரம் பிந்தினால் காசு வெட்டு. அதே பிள்ளை மாலையில் மூன்று மணித்தியாலம் கூடுதலாக நின்று சேலை மடித்து வைத்ததற்கு அந்தப் பென்சில் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. ஸ்டொக் எடுக்கும்போது ஒரு சேலை குறைந்தால் அந்தப் பக்கம் நின்ற நாலு பேரின் சம்பளத்திலும் பிரித்துக் கழிப்பார்கள், யார் எடுத்தது, எடுத்தார்களா, கணக்குத்தான் பிழையா என்று விசாரிப்பதும் இல்லை. 1954ஆம் ஆண்டிலிருந்து கடை, காரியாலய ஊழியர்களுக்கென்று ஒரு சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு, மாதச் சம்பளம் மாதம் முடிந்து பத்து நாளுக்குள், இதெல்லாம் அதில் உள்ளதுதான். முதலாளி நினைத்த நேரம் நினைத்த தொகையைத் தண்டமாக வெட்டுவதற்கு அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. எழுபது வருடத்துக்கு மேலாகியும் இது கடையில் நிற்கிற பிள்ளைகளின் காதுக்கு வந்து சேரவில்லை.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், உங்களுக்குத் தெரியும். தங்கச்சி சீட்டுப் பிடித்து, நகை அடகு வைத்துச் சுவர் எழுப்பிக் கூரையும் போட்டுவிட்டாள், நிலம் மட்டும் மண்ணாகக் கிடந்தது. பெண்பிள்ளைகள் கல்யாணத்துக்காக வேலையை விட்டால் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள், அது உண்மைதான். அந்தக் காசில் நிலத்துக்குச் சீமெந்து போட்டு டைல்ஸ் பதிக்கலாம் என்று தாயும் மகளும் நிறம்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள். கணக்கை எடுத்துப் பார்த்தால் 36 மாதம் வேலை செய்த பிள்ளைக்கு 11 மாதத்துக்குத்தான் காசு கட்டியிருக்கிறது. 25 மாதம் அவள் சம்பளத்திலிருந்து கழித்த காசு எங்கேயும் போய்ச் சேரவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டோம். "உன்னை என்ட புள்ள மாதிரித்தானே மகள் வெச்சிருந்தன், கலியாணத்துக்கு நான் ஒண்டும் செய்யாம விடுவனா" என்றார். கோபப்படவில்லை, தேநீரும் தந்தார், வருடா வருடம் தீபாவளிக்குச் சேலை தந்ததை ஞாபகப்படுத்தினார். எனக்கு அந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போனது. அவர் கொடுக்க நினைக்கிற அன்பளிப்பை நாங்கள் கேட்கவில்லை, அவளுடைய காசைத்தான் கேட்டோம்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பலர் இதை முதலாளி தருகிற உதவி என்றே நினைக்கிறார்கள். சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதம் போகிறது, முதலாளி தன் பக்கத்திலிருந்து 12 வீதம் போட வேண்டும், மொத்தம் 20. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அது முழுக்க முதலாளியின் பொறுப்பு, அதற்கென்று ஊழியரிடம் ஒரு சதமும் கழிக்கக் கூடாது. 30,000 ரூபா சம்பளம் என்றால் பிள்ளையிடம் கழிக்கிறது 2,400, முதலாளி சேர்க்க வேண்டியது 3,600, ஆக மாதம் 6,000 ரூபா அவள் பெயரில் போய் விழ வேண்டும். 12ஐக் கட்டாமல் விட்டால் அது கடன் பாக்கி என்றாவது சொல்லலாம். அந்த 8 அப்படியல்ல, அது அவள் நின்று உழைத்து, அவள் கைக்கு வராமல், இன்னொருவர் கையில் நம்பி விட்ட காசு. அதைக் கழித்துவிட்டுக் கட்டாமல் கடைக்குச் சரக்குப் போடுவதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலாளிமாரின் கஷ்டம் தெரியாமல் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்த டவுன் எப்படி வெறிச்சோடிக் கிடந்தது என்று பார்த்தவள் நான். அதற்குப் பின்னால் கொரோனா, 2022இல் கரண்ட் வெட்டும் எண்ணெய் வரிசையும். சின்னக் கடைக்காரர் எத்தனையோ பேர் கடனில் மூழ்கினார்கள். அப்படி முடியாத மாதத்தில் பிள்ளைகளைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னால் அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பொறுத்தும் இருக்கிறார்கள். உறையில் 'ஈ.பி.எப்.' என்று எழுதிக் கழித்துவிட்டுக் கட்டாமல் விட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பிந்திக் கட்டினால் சட்டம் சும்மா விடுவதும் இல்லை. பத்து நாளுக்குள் பிந்தினால் 5 வீதம் மேலதிகக் கட்டணம், ஒரு வருடத்துக்கு மேல் போனால் அது 50 வீதம், அதையும் கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம் வரைக்கும் போகும். அப்புறம் இன்னொன்று, இது கடையில் மாதச் சம்பளம் எடுப்பவர்களுக்கு மட்டும் உள்ள உரிமை இல்லை. சம்மாந்துறைப் பக்கம் நெல் ஆலையில் மூட்டைக் கணக்குக்கு வேலை செய்கிற என் மச்சானிடம் "நீங்க நிரந்தரம் இல்லைதானே, உங்களுக்கு அது கிடையாது" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நாட்கூலி, மூட்டைக் கூலி, தற்காலிகம், பயிற்சிக்காலம் எல்லாவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி உண்டு. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு, மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், மற்றவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி, வேலையை விட்டு 30 நாளுக்குள். அவர் அந்த ஆலையில் எட்டு வருடம்.

நாங்கள் தொழில் அலுவலகத்துக்குப் போனோம். போகிறபோது தங்கச்சிக்கு வயிற்றைக் கலக்கியது, ஊருக்குள் பெரிய மனிதரைப் பகைக்கிறோமே என்று. அங்கே முதலில் கேட்டது, வேலை செய்ததற்கு என்ன ஆதாரம் இருக்கிறது. நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. மகள் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து மேசையில் வைத்தாள். கடித உறைகள், 31. ஐந்து மாதத்து உறைகள் மழை வெள்ளத்தில் போய்விட்டன, மிச்சத்தை ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தாள், ஏன் வைத்தாய் என்று கேட்டால் "சும்மாதான் பெரியம்மா" என்கிறாள். அந்த உத்தியோகத்தர் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்து அந்தப் பென்சில் எழுத்தை வாசித்தார், போனில் இருந்த வட்ஸ்அப் செய்திகளையும் பார்த்தார். விசாரணைக்குத் திகதி தந்திருக்கிறார்கள். கல்யாணம் அதற்கு முன்னால் வந்துவிட்டது, நிலம் இன்னும் மண்தான்.

கடைகளில், ஆலைகளில் நிற்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது: தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்து வைக்காதீர்கள். வைக்காமல் முடியாது என்றால் அன்றைக்கே அந்தத் தொகையை, கழித்ததை, திகதியை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது உங்கள் சேமலாப நிதிக் கணக்கைப் பாருங்கள், வேலையை விடுகிற நாள் வரைக்கும் காத்திருந்ததுதான் நாங்கள் விட்ட பிழை. முதலாளிமாருக்கு, நீங்கள் பெரிய கம்பியூட்டர் ஒன்றும் வாங்க வேண்டாம். சாமான் விற்கிற அதே பில் புத்தகத்தில் ஒரு தாளில் பேனையால் சம்பளத்தையும் கழிவையும் எழுதிக் கொடுத்தால் போதும். வாங்குகிற ஆளுக்கு ஒரு மீற்றர் சீலைக்குப் பில் கொடுக்கிறீர்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் பத்திரிகையில் வருகிற வேலைவாய்ப்பு விளம்பரங்களில் "கவர்ச்சிகரமான சம்பளம்" என்று போடுகிறார்கள், அது எவ்வளவு என்று ஒருவரும் எழுதுவதில்லை. சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் என்ன, சேமலாப நிதி உண்டா என்ற மூன்றையும் எழுதித் தராத விளம்பரத்தை எடுப்பதில்லை என்று உங்களால் முடிவு செய்ய முடியுமா?

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கல்லடி, மட்டக்களப்பு.