வந்து வந்து மறையும் பழுதுக்குப் பாகங்களை மாற்றுவது தீர்வாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்லரில் சூடாகும் நீரை வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வால்வு வழியே அனுப்பும் வெப்பமூட்டும் அமைப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வீட்டுப் பராமரிப்புப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒரு பகுதி மட்டும் சில நாள்களில் சூடாகாமல் போனால் முதலில் அப்பகுதியின் தெர்மோஸ்டாட்டை, அதாவது அறையின் வெப்பநிலையை உணர்ந்து கட்டளை தரும் கருவியை, மாற்றிப் பார்க்கலாம், அதற்கும் சரியாகவில்லை என்றால் அப்பகுதிக்கான வால்வை (சோன் வால்வு) மாற்றலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. இவ்வகை அமைப்புகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் அந்த யோசனையை என்னால் ஏற்க இயலவில்லை. நிலையாக இருக்கும் பழுதுக்கு அது ஓரளவு பொருந்தும். வந்து வந்து மறையும் பழுதில், ஒரு பாகத்தை மாற்றிய பின் வீடு சூடானால், அது புதிய பாகத்தால் நேர்ந்ததா அல்லது பழுது தானாக ஓய்ந்திருக்கும் வேளையா என்று பிரித்தறிய வழியே இல்லை.

இந்த அமைப்பில் ஒரு கட்டளை எப்படிப் பயணிக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அறை குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்கிறது. அதன் வழியே, பெரும்பாலும் 24 வோல்ட் மின்சாரம், சோன் வால்வின் மோட்டாருக்குச் செல்கிறது. வால்வு திறந்து முடிந்ததும் அதற்குள் இருக்கும் எண்ட் ஸ்விட்ச் என்ற சிறிய ஸ்விட்சின் தொடுமுனைகள் சேர்கின்றன. அந்தச் சேர்க்கைதான் பாய்லரையும் பம்பையும் இயக்குகிறது. எல்லா வால்வுகளின் எண்ட் ஸ்விட்சுகளும் ஒரே ஜோடிக் கம்பிகளில் பக்க இணைப்பில் இருக்கும். எந்த ஒன்று சேர்ந்தாலும் பாய்லர் இயங்கும். குழப்பத்தின் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டில்தான் பிறக்கிறது.

படுக்கையறைப் பகுதியின் வால்வு நன்றாகத் திறக்கிறது, ஆனால் அதன் எண்ட் ஸ்விட்சின் தொடுமுனைகள் தேய்ந்துவிட்டன என்று கொள்வோம். மாலையில் கூடமும் படுக்கையறையும் ஒன்றாக வெப்பம் கேட்கும்போது, கூடத்தின் எண்ட் ஸ்விட்ச் பாய்லரை இயக்கிவிடும். திறந்திருக்கும் படுக்கையறை வால்வு வழியேயும் வெந்நீர் ஓடும். குறை எதுவும் தெரியாது. நள்ளிரவில் படுக்கையறை மட்டும் கேட்கும்போது பாய்லர் அசையாமல் கிடக்கும். வீட்டாருக்கு இது காரணமின்றி வந்து போகும் கோளாறாகவே தோன்றும். உண்மையில் அது கச்சிதமான ஒழுங்கில் நிகழ்கிறது. இங்கே புதிய தெர்மோஸ்டாட் வாங்கி மாட்டி, மாலையில் சோதித்துப் பார்ப்பவர் பழுது தீர்ந்தது என்று நிம்மதியாக உறங்கப் போவார். ஆகவே, இத்தகைய வீடுகளில் நான் கேட்கும் முதல் கேள்வி, சூடு வராத அந்த நேரத்தில் வேறு எந்தப் பகுதிகள் வெப்பம் கேட்டுக்கொண்டிருந்தன என்பதுதான். கட்டுரையில் அந்தக் கேள்வி ஓரிடத்திலும் இல்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. எல்லாப் பகுதிகளும் ஒருசேரக் கேட்கும்போது மட்டும் கோளாறு வருமானால், வீட்டு மின்சாரத்தை 24 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகிக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் 40 வோல்ட்-ஆம்பியர் (தாங்கும் மின்சுமையின் அளவு) டிரான்ஸ்ஃபார்மர், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 வோல்ட்-ஆம்பியர் இழுக்கும் மோட்டார் வால்வுகள் ஐந்தைத்தான் தாங்கும். பின்னாளில் ஒரு பகுதியைக் கூடுதலாகச் சேர்த்து, அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் எடுக்கும் புதுவகைத் தெர்மோஸ்டாட்டுகளையும் மாட்டியிருந்தால், இரவில் வெப்பத்தைக் குறைத்து வைக்கும் நேரம் முடிந்து காலையில் எல்லா வால்வுகளும் ஒன்றாகத் திறக்க முயலும் நேரத்தில் மின்னழுத்தம் சரிந்து, ஏதோ ஒரு வால்வு பாதியில் நின்றுவிடும். மற்ற நேரங்களில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 24 வோல்ட் ஒழுங்காகக் காட்டும். சுமை இல்லாதபோது எடுத்த அளவை நம்புவது, மருத்துவரைக் கண்டதும் இறங்கிவிடும் காய்ச்சலைக் காய்ச்சலே இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பழுது நேர்ந்திருக்கும் வேளையில், அந்தப் பகுதியை மட்டும் வெப்பம் கேட்க வைத்துவிட்டு, வால்வு மோட்டாரின் முனைகளில் 24 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் தவறு தெர்மோஸ்டாட்டிலோ, கம்பியிலோ, டிரான்ஸ்ஃபார்மரிலோ இருக்கிறது. வந்தும் வால்வு திறக்கவில்லை என்றால் வால்வில் இருக்கிறது. வால்வு திறந்தும் பாய்லர் இயங்கவில்லை என்றால், எண்ட் ஸ்விட்சின் இரு முனைகளுக்கு இடையே அளக்க வேண்டும்: அங்கே 24 வோல்ட் தெரிந்தால் தொடுமுனைகள் சேரவில்லை என்று பொருள், சேர்ந்திருந்தால் சுழியத்தை ஒட்டியே காட்டும். வேறொரு பகுதியும் அப்போது கேட்டுக்கொண்டிருந்தால் இந்தச் சோதனை பயனற்றது, ஏனெனில் அதன் ஸ்விட்ச் இந்த அளவையும் சுழியமாக்கிவிடும். சில நாடுகளின் அமைப்புகளில் வால்வுகள் 230 வோல்ட்டிலேயே இயங்குகின்றன. அங்கே வீட்டார் இந்தச் சோதனையில் இறங்கவே கூடாது.

மின்சாரம் முழுவதும் சரியாக இருந்தும் ஒரு பகுதி குளிர்ந்தே கிடந்தால் நீரின் பக்கம் திரும்ப வேண்டும். மேல்மாடியில் வெந்நீரின் வெப்பத்தை அறைக்குள் வெளியிடும் ரேடியேட்டரில் களகளவென்று ஓசை கேட்டால் காற்று அடைத்திருக்கிறது. காற்றை வெளியேற்றிய சில வாரங்களில் அது மீண்டும் சேர்ந்தால், சூடாகி விரியும் நீருக்கு இடம் கொடுக்கும், காற்றடைத்த விரிவுத் தொட்டியைப் பார்க்காமல் விடக்கூடாது. அதன் காற்றழுத்தம் போய்விட்டால், நீர் சூடேறும்போது அழுத்தம் அளவுக்கு மீறி உயர்ந்து, அமைப்பைப் பொறுத்து 2 அல்லது 3 பார் அளவில் பாதுகாப்பு வால்வு சொட்டத் தொடங்கும். குளிர்ந்த பின் அழுத்தம் தாழும். அதை ஈடுசெய்யப் புதுநீர் உள்ளே வரும். புதுநீரோடு புதுக் காற்றும் வரும். காற்றை மட்டும் திரும்பத் திரும்ப வெளியேற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

பாய்லர் அடிக்கடி அணைந்து எரிவதைப் பழுதென்று கருதுபவர்களும் பலர். சிறிய பகுதி ஒன்று மட்டும் கேட்கும்போது, பாய்லர் தரும் வெப்பம் முழுவதையும் அந்தப் பகுதியின் ரேடியேட்டர்களால் வெளியிட முடியாது. நீர் விரைவில் உச்ச வரம்பைத் தொட்டுவிடும், பாய்லர் அணையும். அது வடிவமைப்பில் உள்ள குறை. அதற்காக வால்வை மாற்றுவதில் பொருளில்லை.

பாகத்தை மாற்றித்தான் தீர வேண்டும் என்ற கட்டம் வந்தாலும், புதியதை வாங்கும் முன், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒரே வகையான இரண்டு வால்வுகளின் மோட்டார்த் தலைகளை (மோட்டாரும் எண்ட் ஸ்விட்சும் உள்ள மேற்பகுதிகளை) இடம் மாற்றி வைக்கச் சொல்வேன். பழுதும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி கையில் கிடைத்துவிட்டது. பழைய இடத்திலேயே நின்றால் கம்பியையும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்கலாம். இதோடு சேர்த்து வேறு எதையும் அன்று மாற்றக் கூடாது.

எண்ட் ஸ்விட்சின் முனைகளை ஒரு கம்பித் துண்டால் நிரந்தரமாக இணைத்துவிட்டுப் போகும் பழக்கம் தொழிலில் சிலரிடம் உண்டு. பாய்லருக்கு எரியச் சொல்லும் கட்டளை ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். வெப்பம் கேட்காத வேளையில் எல்லா வால்வுகளும் மூடியிருக்க, பம்ப் போக்கிடமற்ற நீரைத் தள்ளிக்கொண்டிருக்கும். நீர் குறைந்தால் பாய்லரை அணைக்கும் நீர்மட்டக் காப்பு, உச்ச வெப்ப வரம்பு ஆகிய பாதுகாப்புகளை இப்படி இணைத்துவிடுவது இதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. எரிவாயு, புகைபோக்கி, எரிபகுதி ஆகியவற்றில் கைவைக்க உரிமம் பெற்றவர்களை மட்டுமே அழைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கட்டுரையாளர் இத்தொடரில் மேலும் எழுதுவாரானால், மாற்ற வேண்டிய பாகங்களின் வரிசைக்குப் பதிலாக, பழுது நேர்ந்த மணி, அப்போது வெப்பம் கேட்ட பகுதிகள், பாய்லர் எரிந்ததா இல்லையா, போகும் குழாயும் திரும்பும் குழாயும் சூடாக இருந்தனவா, அழுத்தமானி காட்டிய அளவு ஆகியவற்றை வாசகர்கள் குறித்து வைப்பதற்கான அட்டவணை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். அப்படிப்பட்ட குறிப்பைக் கையில் கொடுக்கும் வீட்டில், பழுதுபார்ப்பவர் எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
வெப்பமூட்டும் அமைப்புகளைப் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்