பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று விமானத்தைத் தவறவிட்டது பற்றிய முறைப்பாடு

விமான நிலைய வாடிக்கையாளர் தொடர்புப் பிரிவினருக்கு,

வணக்கம். என் முதல் முறைப்பாட்டுக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. கோடை விடுமுறை நெரிசல், எதிர்பாராத அளவு பயணிகள், அடுத்த முறை இன்னும் முன்கூட்டியே வாருங்கள். இவ்வளவுதான் அதில் இருந்தது. இதில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை, அதனால் திரும்பவும் எழுதுகிறேன். எந்த மொழியிலும் எழுதலாம் என்று உங்கள் படிவத்தில் போட்டிருப்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். இதைப் பொதுவிலும் போடப்போகிறேன், ஏனென்றால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பும் தாய் தகப்பன்மார் எத்தனையோ பேர் உங்கள் வரிசையில்தான் வந்து நிற்கிறார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ணா வீட்டில் இருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். செக்-இன் கவுண்டர் திறக்க முன்னரே போய் நின்று, பெட்டிகளைப் போட்டு, போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு எங்கேயும் நிற்காமல் நேரே சோதனைக்கு வந்தோம். ஏழு சோதனைப் பாதைகள் இருக்கின்றன, இரண்டுதான் திறந்திருந்தன. நாங்கள் மறுபக்கம் வந்தபோது கேட் மூடியாகிவிட்டது. சென்னையில் பிடிக்க வேண்டிய யாழ்ப்பாணம் பலாலி விமானமும் அதோடு போயிற்று. அது 78 இருக்கைகள் கொண்ட சின்ன ஏடிஆர் விமானம், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அடுத்த நாள் போய் இடம் கேட்டால் கிடைக்காது.

இப்போது அந்த "எதிர்பாராத" என்பதற்கு வருகிறேன். எந்த விமானம் எத்தனை மணிக்குப் புறப்படும் என்பது பருவம் தொடங்க முன்னரே அட்டவணையில் இருக்கிறது. எத்தனை இருக்கைகள் விற்றுப்போயின என்பது விமான நிறுவனங்களுக்குத் தெரியும், கேட்டால் உங்களுக்கும் கிடைக்கும். புறப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னதாகப் பயணிகள் சோதனைச் சாவடிக்கு வருகிறார்கள் என்பதை உங்கள் வாசலில் போர்டிங் பாஸை ஸ்கான் செய்யும் கருவியே நாள்தோறும் பதிவு செய்கிறது. இந்த மூன்றையும் சேர்த்தால் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் எத்தனை பேர் வருவார்கள் என்று முதல் நாளே ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் நல்லூர்த் தேர் 24ஆம் நாள் என்று எல்லோருக்கும் தெரியும், அன்றைக்கு விடியவே சனம் வரும் என்றும் தெரியும், அதனால் பஸ்காரர் சனம் வந்து குவிந்த பிறகு மேலதிக பஸ்ஸைத் தேடி ஓடுவதில்லை. உங்களிடம் இருக்கும் தகவல் அவர்களிடம் இருப்பதை விட எத்தனையோ மடங்கு கூட.

நான் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறவன், ஆகவே இதைக் கணக்காகவே காட்டுகிறேன். ஒரு பாதையால் மணிக்கு 150 பேர் போகலாம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பாதைகள் திறந்தால் 600 பேர். நாள் முழுவதையும் எடுத்துச் சராசரி பார்த்தால் இது தாராளம், மத்தியானத்தில் ஊழியர்கள் சும்மாகூட நிற்பார்கள். ஆனால் காலை 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் 900 பேர் வந்தால், 6 மணிக்கு 300 பேர் வரிசையில் மிச்சம், கடைசியில் நிற்பவருக்கு அரை மணி நேரக் காத்திருப்பு. அடுத்த மணியில் 700 பேர் வந்தால் மிச்சம் 400, காத்திருப்பு 40 நிமிடம். அதற்குப் பிறகு ஒரு பாதையைக் கூட்டித் திறந்தாலும், பின்னால் வருபவர்கள் மணிக்கு 600 ஆகவே இருந்தால், அந்த 400 பேரைக் கரைக்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே வரிசை உருவாக முன்னரே பாதையைத் திறக்க வேண்டும். அன்று உங்கள் மேற்பார்வையாளர் மூன்றாவது பாதையைத் திறந்தபோது எங்கள் விமானம் ஓடுபாதைக்குப் போய்விட்டது.

கொஞ்சம் ஆட்கள் கூடினால் கொஞ்சம்தான் தாமதம் கூடும் என்று திட்டம் போடுகிறவர் நினைத்திருக்கக்கூடும். வரிசைகள் அப்படி நடப்பதில்லை. கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1909இலேயே இந்தக் கணிதத்தைத் தொடக்கி வைத்துவிட்டார். எளிமையான மாதிரியை எடுத்தாலே, கொள்ளளவில் 80 வீதம் பயன்படும்போது இருக்கும் காத்திருப்பு 90 வீதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது, 95 வீதத்தில் இன்னொரு தடவை இரண்டு மடங்குக்கு மேல். ஒருவர் சுகவீன லீவு போட்டாலே குலைந்துபோகும் அளவுக்கு ஆட்களை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள்.

"இன்னும் முன்கூட்டியே வாருங்கள்" என்பதுதான் எனக்கு மிகவும் கோபம் தந்தது. பெட்டி போடும் கவுண்டர் திறக்காமல் ஒருவர் எவ்வளவு முந்தி வந்தும் பயனில்லை. கவுண்டர் திறந்ததும் அவ்வளவு பேரும் ஒன்றாக உங்கள் பக்கம் வருகிறார்கள், அந்த அலையை உண்டாக்குவதே கவுண்டர் நேரம்தான். அது மட்டுமில்லை, எல்லோரும் முந்தி வந்தால் பிந்தி நடக்க வேண்டிய நெரிசல் முந்தி நடக்கும், மதியம் பறக்கிறவர் காலை விமானக்காரருக்கு முன்னால் வந்து நிற்பார். ஆட்களைக் கூட்டாமல் பயணிகளை முந்தி வரச் சொன்னால் கேட் மூடப்போகிறவருக்குத்தான் அடி விழுகிறது.

இனி நான் கண்ணால் பார்த்தது. எங்கள் பாதையின் முன்பக்கம் ட்ரே முடிந்துவிட்டது. பின்பக்கம் பார்த்தால் இடுப்பளவுக்கு அடுக்கிக் கிடந்தன, அவற்றைக் கொண்டுவர ஆளில்லை, கொண்டுவர வேண்டிய பிள்ளையைப் பை திறந்து பார்க்கும் வேலைக்கு இழுத்துவிட்டார்கள். சனம் பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ட்ரேக்காக நிற்கிறது, எக்ஸ்ரே இயந்திரம் வெறுமனே ஓடுகிறது. மணிக்கு 150 பேரைக் கடத்தக்கூடிய பாதை ஒரு ட்ரே அடுக்குக்காக நின்றுபோனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்தது அம்மா. அவரின் கழுத்தில் தாலிக்கொடி, பவுன் கூடின பழைய கொடி, உலோகம் கண்டுபிடிக்கும் வாசலைக் கடக்கும்போது சத்தம் வந்துவிட்டது. எங்கள் பெண்கள் அதைக் கழற்ற மாட்டார்கள், கையால் சோதித்தால் சரி என்று அம்மா சைகையாலேயே சொன்னார். பெண்களைப் பெண் உத்தியோகத்தர்தான் சோதிக்க வேண்டும், அது நல்ல விதி, மாறக்கூடாது. ஆனால் இரண்டு பாதைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெண் இருந்தார். அம்மா ஓரத்தில் முழங்கால் வலியோடு, சப்பாத்து இல்லாமல், கதிரை இல்லாமல் நின்றார். அவருக்குப் பின்னால் வேறு பெண்களும் சேர்ந்தார்கள். வரும் பயணிகளில் பாதிக்குப் பாதி பெண்கள் என்று தெரிந்துகொண்டே ஆள் போடும்போது அதை எண்ணவில்லையென்றால் அது திட்டமே இல்லை.

எக்ஸ்ரே திரைக்கு முன் இருந்த இளைஞரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் வரிசையில் நின்ற நேரம் முழுவதும் அவர்தான் இருந்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/1998 விதி, திரையில் படம் பார்ப்பவர் வழக்கமாக 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ச்சியாகப் பார்க்கக்கூடாது, பிறகு குறைந்தது 10 நிமிடம் படம் பார்க்கக்கூடாது என்கிறது. களைத்த கண்ணுக்குக் கத்தி தப்பிவிடும் என்பதற்காகத்தான் அந்த விதி. ஆட்குறைவு எங்கள் நேரத்தை மட்டும் தின்னவில்லை, பாதுகாப்பையும் தின்கிறது.

ஆள் கிடைப்பதில்லை என்று சொல்வீர்கள், அது உண்மையாக இருக்கலாம். 2022 கோடையில் ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்போல் விமான நிலையத்துக்கும் இதே பிரச்சினை வந்தது. அவர்கள் பயணிகள் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட்டார்கள், ஊழியர்களுக்கு மணிக்கு 5.25 யூரோ கோடைக் கொடுப்பனவு கொடுத்தார்கள், வரிசையால் விமானத்தைத் தவறவிட்டவர்களுக்கு நட்டஈடு கொடுக்கவும் ஒத்துக்கொண்டார்கள். அதே கோடையில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் நாளொன்றுக்குப் புறப்படும் பயணிகளை 1,00,000 என்று மட்டுப்படுத்தியது. இரண்டு இடத்திலும் நிலைமையை ஒத்துக்கொண்டு நடவடிக்கை எடுத்தார்கள். நீங்கள் "15 நிமிடம்" என்று காட்டும் பலகையைக்கூட மாற்றவில்லை. வரிசையில் நிற்பவர்களின் தொகையை, நிமிடத்துக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்பதால் வகுத்தால் காத்திருப்பு நேரம் வந்துவிடும், என் மாணவர்கள் மனக்கணக்காகவே செய்வார்கள்.

ஆகவே நான் கேட்பது இவை. அன்று காலை எந்தக் கால் மணிக்கு எத்தனை பாதைகள் திறக்கத் திட்டமிட்டீர்கள், உண்மையில் எத்தனை திறந்தன, அதில் பெண் உத்தியோகத்தர்கள் எத்தனை பேர் என்ற விவரத்தை எழுத்தில் தாருங்கள். கேட் மூடப்போகும் பயணிகளை வரிசையில் இருந்து அழைத்து முன்னுக்கு விட ஒருவரையாவது நிறுத்துங்கள், அன்று நாங்கள் போர்டிங் பாஸைத் தூக்கிக் காட்டியும் யாரும் பார்க்கவில்லை. வயதானவர்கள் காத்து நிற்கும் இடத்தில் கதிரை போடுங்கள். எங்கள் இருவரின் புதிய ரிக்கற் செலவையும் ஓர் இரவு தங்கிய செலவையும் திருப்பித் தாருங்கள், பற்றுச்சீட்டுகளையும் செக்-இன் நேரம் பதிந்த போர்டிங் பாஸையும் இணைத்திருக்கிறேன்.

மூன்று கிழமைக்குள் பதில் வராவிட்டால் உங்கள் நாட்டின் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கு இதே இணைப்புகளோடு எழுதுவேன். இந்தத் தடவை பதில் எழுதுபவர் அந்த ஆள் அட்டவணையைத் திறந்து பார்த்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
கொக்குவிலில் இருந்து ஒரு பயணி